உடம்புக்கு எந்த எடைக்கல்?

"பையன் அஞ்சடி ஆறங்குலம், எழுபத்திரண்டு கிலோ." பெண் வீட்டாரிடம் இப்படிச் சொன்னால் யாருக்கும் எதுவும் உறுத்துவதில்லை. உயரத்துக்கு வெள்ளைக்காரன் விட்டுப்போன அடியும் அங்குலமும். எடைக்கு 1956ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த கிலோ. ஒரே ஆளை ஒரே மூச்சில் இரண்டு முறைகளால் அளந்துவிடுகிறோம். துணிக்கடையில் மீட்டர், தையல்காரரிடம் அங்குலம் என்று வாழ்கிறவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. எடையைத் தினமும் பார்த்துக் குறித்துவைக்க ஆரம்பிக்கும்போதுதான் எந்த அளவு என்ற கேள்வி வருகிறது.

எனக்கு அது பேட்டரி மாற்றிய மறுநாள் வந்தது. வழக்கம்போலக் காலையில் எடை மெஷின் மேல் ஏறினேன். 158.6 என்று காட்டியது. முந்தின நாள் வரை 72. ஒரு நிமிடம் நெஞ்சு திக்கென்றது. மெஷினைக் கவிழ்த்துப் பார்த்தால், பேட்டரி மூடிக்குப் பக்கத்தில் மிளகு அளவுக்கு ஒரு பொத்தான். ஒருமுறை அழுத்தினால் கிலோ, மறுமுறை பவுண்டு, மூன்றாம் முறை ஸ்டோன். விரல் பட்டிருக்கிறது, அவ்வளவுதான். உடனே மாற்றாமல், இருக்கட்டுமே என்று ஒரு மாதம் பவுண்டிலேயே விட்டுவைத்தேன். அந்த மாதம் கற்றுத்தந்தது இந்தக் கட்டுரை.

பவுண்டு என்றால் 453.59 கிராம். தமிழ்நாட்டில் 'பவுன்' என்றால் எட்டு கிராம் தங்கம். அது குறைந்தால் அழுவோம். எடை பார்க்கும் பவுண்டு குறைந்தால் சிரிக்கலாம். அமெரிக்காவில் உடல் எடை முழுக்கப் பவுண்டில்தான். கனடா 1970களில் மெட்ரிக்குக்கு மாறிய நாடு. அங்கேயும் ஆஸ்பத்திரி பிறந்த குழந்தையின் எடையைக் கிராமில் எழுத, குடும்பத்தார் உறவினருக்குப் பவுண்டிலும் அவுன்சிலும் சொல்கிறார்கள். சட்டம் மாறி அரை நூற்றாண்டு ஆகியும் வாய் மாறவில்லை என்றால், அந்த அளவில் ஏதோ வசதி இருக்க வேண்டும்.

இருக்கிறது. நிதானமாக எடை குறைப்பவர் வாரத்துக்கு அரை கிலோ இறங்கினால் நல்ல வேகம். அந்த வேகத்தில், நாம் வெளியே சொல்லும் முழு எண் கிலோவில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் மாறும். பவுண்டில் வாரா வாரம் மாறும். 158, 157, 156 என்று ஒவ்வொரு ஞாயிறும் ஒரு படி இறங்குவதில் ஒரு ருசி உண்டு. அந்த மாதம் நான் நடைப்பயிற்சியை ஒருநாள்கூட விடாததற்கு அதுவும் ஒரு காரணம். உடம்பு அதே உடம்பு, நடையும் அதே நடை. எண் மட்டும் அடிக்கடி அசைந்தது.

பவுண்டின் இன்னொரு கவர்ச்சி அதன் கணக்கு. ஒரு பவுண்டு கொழுப்புக்கு 3500 கலோரி என்று மேக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற மருத்துவர் 1958இல் எழுதினார். தினம் 500 கலோரி குறைத்துச் சாப்பிட்டால் ஏழு நாளில் ஒரு பவுண்டு: மனக்கணக்காகவே போட்டுவிடலாம். கிலோவில் இதே கணக்கு 7700 என்று ஆகி, வாரம் அரை கிலோவுக்குத் தினம் 550 என்று இழுக்கும். ஆனால் இந்த வசதியே ஒரு பொறி. எடை குறையக் குறைய உடம்பு செலவழிக்கும் சக்தியும் குறைகிறது. ஆகவே ஐம்பத்திரண்டு வாரம் 500 கலோரி குறைத்தால் ஐம்பத்திரண்டு பவுண்டு போய்விடாது. ஆய்வாளர் கெவின் ஹால் இதைக் கணித மாதிரிகளால் விளக்கிக் காட்டியிருக்கிறார். எண் அழகாக வகுபடுகிறது என்பதற்காக உடம்பும் அப்படியே வகுபடும் என்று நம்பவைப்பது பவுண்டின் குறை.

ஸ்டோன் பிரிட்டனின் செல்லப்பிள்ளை. 14 பவுண்டு ஒரு ஸ்டோன், அதாவது 6.35 கிலோ. வியாபாரத்தில் இது கூடாது என்று 1985ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கிய பிறகும், உடல் எடைக்கு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மருத்துவர் கிலோவில் எழுதுவார். நோயாளி "பதினோரு ஸ்டோன் நாலு" என்பார். அதன் பலம் அதன் முரட்டுத்தனம். இட்லி ஒன்று கூடுதலாகச் சாப்பிட்டதற்கெல்லாம் ஸ்டோன் அசையாது. வாரம் அரை கிலோ குறைப்பவருக்கு ஸ்டோன் எண் மாற மூன்று மாதம் ஆகும். அதனால்தான் அங்குள்ள எடைக்குறைப்பு மன்றங்களில் அரை ஸ்டோன் குறைந்ததே கைதட்டலுக்குரிய செய்தி. ஆனால் பதினான்கால் பெருக்கவும் வகுக்கவும் வேண்டிய ஓர் அளவை வைத்துக்கொண்டு ஒரு வரைபடம் போட்டுப் பாருங்கள், எரிச்சல் வரும்.

கிலோவின் பலம் வேறு வகை. அது தனியாக வருவதில்லை, ஒரு குடும்பத்தோடு வருகிறது. பிரான்சில் 1795இல் கிராமை வரையறுத்தபோது தண்ணீரைத்தான் அளவாக வைத்தார்கள்; ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய ஒரு கிலோ என்பது அதன் மிச்சம். நம் உடம்பிலும் பாதிக்கு மேல் தண்ணீர். ஒரு சொம்பு தண்ணீரை, அரை லிட்டர் என்று வையுங்கள், குடித்துவிட்டு மெஷினில் ஏறினால் 72 என்பது 72.5 ஆகும். ஏன் ஏறியது என்று உடனே புரியும், பயம் போகும். உப்புக் கருவாடு தின்ற மறுநாள் ஒரு கிலோ கூடினால் அது கொழுப்பல்ல, தண்ணீர் என்று கணிக்க முடியும். பவுண்டில் அதே சொம்பு 1.1 ஆகிறது, தண்ணீருக்கும் எண்ணுக்கும் இருந்த உறவு அறுந்துபோகிறது.

மருத்துவக் கணக்கும் கிலோவின் பக்கம். ஐந்தடி ஆறங்குலத்தை 1.68 மீட்டர் என்று மாற்றி, எடையை அதன் வர்க்கத்தால் வகுத்தால் உடல் நிறை எண் ஏறக்குறைய 25.5 வரும். பவுண்டையும் அங்குலத்தையும் போட்டால் நடுவில் 703 என்ற எண்ணால் பெருக்க வேண்டும். 25.5 என்பது உலகப் பொது வரம்பின்படி 'சற்றே கூடுதல்'. இந்தியர்களுக்கென 2009இல் மருத்துவர்கள் வகுத்த வரம்பிலோ 25 ஆனாலே உடற்பருமன். கல்யாணச் சந்தையில் 'நல்ல உடம்பு' என்று பெயர் வாங்கும் அந்தப் பையன் மருத்துவரிடம் போனால் அறிவுரை வாங்குவான்.

உண்மையான ஆபத்து பவுண்டிலும் இல்லை, கிலோவிலும் இல்லை. இரண்டையும் கலப்பதில் இருக்கிறது. பத்துக் கிலோக் குழந்தை 22 பவுண்டு. அந்த 22ஐ யாராவது கிலோ என்று எழுதிவிட்டால், கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் கொடுக்க வேண்டிய பாராசிட்டமால் 150க்குப் பதில் 330 மில்லிகிராம் ஆகிவிடும். பவுண்டு தேசமான அமெரிக்காவிலேயே, குழந்தைகளின் எடையைக் கிலோவில் மட்டும் பதியச் சொல்கிறது அந்நாட்டுக் குழந்தை மருத்துவர் அமைப்பு. ஜிம்மில் இந்தக் கலப்பு உயிரை வாங்காது, கணக்கைக் கெடுக்கும். ஒரு தட்டில் 45 எல்பி (பவுண்டு), பக்கத்தில் இருபது கிலோ. இரண்டும் ஒன்று போலத் தெரியும், ஆனால் 400 கிராம் வித்தியாசம். பவுண்டில் கழித்த அந்த மாதம் என் நோட்டிலும் ஒரு குழி விழுந்தது. மருத்துவர் எடை கேட்டபோது 2.2ஆல் வகுத்துக்கொண்டு விழித்தேன்.

கிலோவுக்குக் குறை இல்லையா? உண்டு. முழு எண் மெதுவாக நகர்வதால் கண் புள்ளிக்கு வலப்பக்கம் ஓடுகிறது. அங்கே ஒவ்வொரு இலக்கமும் 100 கிராம். ஒரு டம்ளர் காபி அதைவிடக் கனம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 கிலோ மல்யுத்தப் பிரிவின் இறுதிப் போட்டிக்கு வந்த வினேஷ் போகாட், எடை சுமார் 100 கிராம் கூடியதால் தகுதி இழந்தார். அவருக்கு அந்த ஓர் இலக்கம் பதக்கம். நமக்கு அது காலைக்கடன் கழித்தோமா இல்லையா என்பது மட்டுமே. அதைப் பார்த்துப் பட்டினி கிடப்பவர்கள் எடையை அளக்கவில்லை, தண்ணீரை அளக்கிறார்கள்.

இந்தக் குறைக்கு மருந்து நம் மொழியிலேயே இருக்கிறது. மளிகைக் கடையில் நாம் 0.25 கிலோ பருப்புக் கேட்பதில்லை. கால் கிலோ, அரை கிலோ, முக்கால் கிலோ என்கிறோம். ஒரு பவுண்டுக்கும் அரை கிலோவுக்கும் 46 கிராம்தான் வித்தியாசம். இலங்கையில் 'இறாத்தல் பாண்' என்று வாங்கும் ரொட்டி 450 கிராம். அதுவும் கிட்டத்தட்ட ஒரு பவுண்டுதான். பவுண்டு தரும் வாராந்தர இன்பத்தை 'எழுபத்தொன்றரை, எழுபத்தொன்று' என்று அரை கிலோவாக எண்ணியே பெறலாம். அதற்காக மருத்துவரோடும் தண்ணீரோடும் உள்ள உறவை அறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இப்போது நான் தினமும் மெஷின் காட்டுவதைக் கிலோவில் அப்படியே எழுதுகிறேன், புள்ளி உட்பட. ஞாயிற்றுக்கிழமை ஏழு நாள் சராசரி போட்டு, பக்கத்தில் உள்ள அரை கிலோவுக்குத் திருத்தி, அதை மட்டும் வீட்டில் சொல்கிறேன். மெஷின் அடியில் இருக்கும் பொத்தானின் மேல் டேப் ஒட்டியாகிவிட்டது. பேச்சுக்கு எந்த அளவும் இருக்கலாம், பதிவுக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும். நோட்டின் முதல் பக்கத்தில் உயரம் 168 சென்டிமீட்டர் என்று எழுதியிருக்கிறேன். யாராவது கேட்டால் மட்டும் வாய் இன்னும் அஞ்சடி ஆறங்குலம் என்றுதான் சொல்கிறது.