ஒளு செய்ய ஒரு தாழ்ந்த குழாய்

அடுக்குமாடி வீடுகளில் முஸ்லிம் குடும்பங்கள் செய்துகொள்ளும் மாற்றங்களில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒளு, அதாவது தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது, செய்வதற்கென்று தாழ்வாக வைக்கும் குழாய். கை, வாய், மூக்கு, முகம் வரை வாஷ்பேசின் போதும். கணுக்கால் வரை பாதம் கழுவும்போதுதான் சிக்கல். எழுபது வயது நன்னி (பாட்டி) காலைத் தூக்கி வாஷ்பேசினுக்குள் வைப்பதா? முழங்கால் உயரத்தில் ஒரு குழாய், எதிரே உட்காரக் கிரானைட் திண்டு, வழுக்காத தரை, நீர் வடியச் சிறு சரிவு. அவ்வளவுதான். ஐந்து வேளையும் புழங்கும் இடம். கழிப்பறைக்கு வெளியே அமைந்தால் இன்னும் நல்லது.

அடுத்தது திசை. சென்னையிலிருந்து, தொழும்போது நோக்கும் மக்காவின் திசையான கிப்லா நேர் மேற்கு அல்ல. ஏறத்தாழ 18 பாகை வடக்கே சாய்ந்தது. மேற்குச் சுவரை ஒட்டி விரித்தால் தொழுகை விரிப்பான முஸல்லா சற்றுக் கோணலாகத்தான் விழும். அந்தக் கோணத்தைத் தரை ஓட்டிலேயே மெல்லிய கோடாகப் பதித்துவிடுவது அழகு. கழிப்பறைப் பீங்கானைப் பெரும்பாலும் வடக்கு தெற்காக வைப்பார்கள். கிப்லாவுக்கு முகமும் முதுகும் காட்டாதிருக்க.

தொழும் அறையில் உயிருருவப் படங்கள் கிடையாது. வெறும் சுவரே போதும். கடைகளில் விற்கும் தங்கநிற மினாரா விளக்குகள் வீட்டை மண்டபமாக்கிவிடுகின்றன.

வீடு கட்டுகிறவர்கள், குழாய் பதிக்கும் முன்பே பிளம்பரிடம் இதையெல்லாம் சொல்லிவிடுங்கள். ஓடு ஒட்டிய பிறகு உடைப்பது இரட்டைச் செலவு.