செக்கடியில் விளைந்தது எது?

பாளையங்கோட்டையைத் தாண்டிக் கிழக்கே போகும் தாமிரபரணியோடு சிற்றாறும் கயத்தாறும் கலக்கும் ஊர் சீவலப்பேரி. முக்கூடற்பள்ளு என்ற சிற்றிலக்கியம் கொண்டாடும் முக்கூடல் இதுதான். அந்தப் பள்ளில் ஒரு கட்டம் உண்டு. பள்ளனைப் பண்ணைக்காரன் குட்டைமரத்தில் மாட்டிவிடுகிறான். காலை அசைக்க முடியாமல் கிடப்பவனுக்காக மன்றாடுகிறவள் அவன் மூத்த மனைவியான மூத்த பள்ளி. அவள் சொல்லுக்கு இரங்கித்தான் அவனை விடுகிறார்கள். மரம் அவனை விடவில்லை. மனுஷி ஒருத்தி விடுவித்தாள்.

ஆனாலும் எங்கள் பக்கத்துத் துட்டி வீடுகளில், அதாவது சாவு வீடுகளில், ஓர் ஆறுதல் மொழி தவறாமல் காதில் விழும்: “கஷ்டந்தான் மனுஷனப் புடம் போடும்.” சொல்பவர் நல்ல மனத்தோடுதான் சொல்கிறார். ஆனால் இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் உண்மை? அதைச் சோதிக்க இந்த மண்ணிலேயே ஒரு பெரிய வாழ்க்கை இருக்கிறது.

1908 ஜூலை 7 அன்று, திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது, கொடுமை குறையவில்லை. கோயம்புத்தூர்ச் சிறையில் சணல் பிரிக்கும் இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றி உள்ளங்கைத் தோல் உரிந்தது. பிறகு மாடு இழுக்க வேண்டிய செக்கில் அவரைப் பூட்டினார்கள். அந்தக் காலத்தில்தான் ஜேம்ஸ் ஆலன் நூலை ‘மனம் போல வாழ்வு’ என்று தமிழாக்கினார். கண்ணூர்ச் சிறையில் உடனிருந்த கைதிகளுக்கு அறம் சொல்ல எழுதியது ‘மெய்யறம்’. துன்பம் மனிதனை வளர்க்கும் என்பவர்களுக்கு இதைவிட வலுவான சான்று தமிழில் கிடைக்காது.

இனி மறுபக்கம். அதே வழக்கில், அதே நீதிபதியிடம் தண்டனை பெற்றவர் சுப்பிரமணிய சிவா. சிறை அவருக்குக் கொடுத்தது தொழுநோய். வெளியே வந்ததும் ‘ஞானபாநு’ இதழை நடத்தினார். 1925-இல், 41 வயது நிரம்பும் முன்பே மறைந்தார். அந்த உழைப்பின் பெருமையை நோய்க்குக் கொடுக்க யாருக்காவது மனம் வருமா? வ.உ.சி.யின் தம்பி மீனாட்சிசுந்தரம் அண்ணனுக்கு விழுந்த தண்டனையைக் கேட்டுச் சித்தம் கலங்கினார். வெள்ளைக்காரக் கம்பெனிக்கு எதிராக வ.உ.சி. கப்பல் ஓட்டிய சுதேசிக் கம்பெனியோ, அவர் சிறையில் இருக்கும்போதே முடிந்துபோனது. ஒரே தீர்ப்பில் ஒருவர் நூல் எழுதினார், ஒருவர் உடல் இழந்தார், ஒருவர் அறிவு இழந்தார். விளைவு இப்படி மூன்று விதமாகப் பிரியுமானால், காரணம் துன்பம் மட்டுமாக இருக்க முடியாது.

உளவியலும் இதே இடத்தில் நின்று தயங்குகிறது. பேரிடிக்குப் பின் வரும் வளர்ச்சியை அளக்க டெடெஸ்கி, கால்ஹவுன் இருவரும் 1996-இல் ஓர் அளவுகோல் தந்தார்கள். ‘நான் வளர்ந்தேன்’ என்று பலர் மனமாரச் சொன்னார்கள். 2009-இல் பெட்ரீசியா ஃப்ரேசியர் குழுவினர், மாணவர்களை இடர் வருமுன்னும் வந்தபின்னும் அளந்து ஒப்பிட்டபோது, சொன்ன வளர்ச்சிக்கும் உண்மையில் நேர்ந்த மாற்றத்துக்கும் பெரிய தொடர்பு இல்லை என்று தெரிந்தது. நாஜி முகாம்களில் வதைபட்ட விக்டர் ஃபிராங்கல்கூட, பொருளுள்ள வாழ்வுக்குத் துன்பம் கட்டாயம் என்று சொன்னதில்லை; தவிர்க்கக்கூடிய துன்பத்தைத் தவிர்ப்பதே முறை என்றார்.

அப்படியானால் வ.உ.சி.யைத் தாங்கியது எது? குறளும் சைவமும் அவர் சிறைக்குப் போகும்போதே உடன் கொண்டுபோனவை. வெளியே மனைவி மீனாட்சி அம்மாள் மேல்முறையீட்டுக்காக அலைந்தார். கோவையில் சி.கே.சுப்பிரமணிய முதலியார் துணை நின்றார். இவர்கள் இல்லாமல் அந்தச் செக்கு அவருக்கு எதையும் தந்திருக்காது. விடுதலைக்குப் பின்னும் வறுமைதான். வக்கீல் தொழில் செய்வதற்கான சன்னதும் பறிபோயிருந்தது. நினைப்பே நிலைமையை ஆக்கும் என்ற ஆலனின் கொள்கை இங்கேதான் இடறுகிறது. எவ்வளவு உயர்வாக நினைத்தாலும் பறிபோன சன்னது தானாகத் திரும்பிவிடாது. அது திரும்பக் கிடைக்க நீதிபதி வாலேஸ் என்ற மனிதர் உதவ வேண்டியிருந்தது.

ஆகவே என் தீர்ப்பு இது. கடும் இடரிலும் மனிதர் பொருள் கண்டடைய முடியும், வ.உ.சி. அதற்குச் சாட்சி. அந்தப் பொருளை அவர்களே, பிறர் கைப்பிடித்து, உண்டாக்கிக்கொள்கிறார்கள். துன்பம் அதைத் தருவதில்லை. ‘என் கஷ்டம் எனக்குக் கற்றுக்கொடுத்தது’ என்று பட்டவர் சொன்னால் தலைவணங்கிக் கேட்க வேண்டும். அதையே பார்த்து நிற்பவர் சொன்னால், பூட்டியவனைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாக ஆகிவிடும். துட்டி வீட்டுக்குப் போகிறவர் அந்த வாசகத்தை வாசலிலேயே விட்டுவிட்டு, அடுப்பு மூட்டவும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் கை கொடுக்கலாம்.

வ.உ.சி.க்கு இந்தக் கணக்கு தெளிவாகத் தெரிந்திருந்தது. பிறகு பிறந்த மகனுக்கு அவர் வைத்த பெயர் வாலேஸ்வரன். நன்றியை அவர் செக்குக்குச் செலுத்தவில்லை. உதவிய மனிதருக்குச் செலுத்தினார்.