மேரி றோலண்ட்சனின் சிறைக்கதை: அனுபவமும் கருத்துநிலையும்

1

அமெரிக்க இலக்கிய வரலாற்றை எழுதுவோர் குடியேறிய ஆங்கிலேயரின் நாட்குறிப்புகள், பிரசங்கங்கள், சரித்திரங்கள் ஆகியவற்றிலிருந்து தொடங்குவதே நெடுங்கால வழக்கமாக இருந்துவந்துள்ளது. ஐரோப்பியர் வருகைக்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்பிருந்தே அந்நிலத்தில் வாழ்ந்துவந்த முதற்குடிகள் அவ்வரலாறுகளிற் பெரும்பாலும் பின்னணியாகவே அமைந்துவிடுவர். அவர்கள் பேசுவதில்லை, அவர்களைப் பற்றியே பேசப்படும். ஆயின், அவர்களைப் பற்றிப் பேசிய நூல்களை ஊன்றிப் படிக்குமிடத்து, எழுதியவர் சொல்ல விரும்பாத செய்திகளும் அவற்றிலே பதிவாகியிருத்தலைக் காணலாம். இக்கருத்தை ஒரு நூலின்வழி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அந்நூல் மேரி றோலண்ட்சன் என்ற பெண் எழுதி 1682 இல் வெளியான தன்னனுபவக் கதை. பகைவர் கையிற் சிறைப்பட்டு மீண்டவர் தம் துன்பத்தைக் கூறும் 'சிறைக்கதை' என்னும் இலக்கிய வகைக்கு ஆங்கில அமெரிக்காவில் முன்மாதிரியாக அமைந்தது இதுவே. அமெரிக்கப் பதிப்பின் தலைப்பு கடவுளின் இறைமையையும் நன்மையையும் முன்னிறுத்துவது. அவ்வாண்டிலேயே பொஸ்ரன், கேம்பிறிட்ஜ், லண்டன் ஆகிய இடங்களில் நான்கு பதிப்புகள் வெளிவந்தன என்பது அதன் செல்வாக்கினை உணர்த்தும்.

2

நூல் தோன்றிய சூழலை முதலில் நோக்குதல் வேண்டும். பிளிமத் குடியேற்றம் 1620 இல் அமைந்தபொழுது அக்கரையோரம் வெறுமையாக இருக்கவில்லை, வெறுமையாக்கப்பட்டிருந்தது. 1616 முதல் 1619 வரை பரவிய, ஐரோப்பியரோடு வந்த கொள்ளைநோய் பல ஊர்களை அழித்திருந்தது. எஞ்சிய வம்பனோக் மக்களின் தலைவர் ஊசமெக்குவின் 1621 இல் ஆங்கிலேயருடன் உடன்படிக்கை செய்துகொண்டார். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் உறவுநிலை தலைகீழாயிற்று. சோளம், அவரை, பூசணி ஆகியவற்றைப் பெண்கள் பயிரிட்ட வேலியற்ற வயல்களை ஆங்கிலேயரின் மாடுகளும் பன்றிகளும் அழித்தன. நிலத்தைப் பயன்படுத்தும் உரிமையைப் பகிர்ந்துகொள்வதாக எண்ணி முதற்குடிகள் இட்ட கைக்குறி, நிலத்தையே நிரந்தரமாக விற்றதற்கான சாட்சியமாகக் கொள்ளப்பட்டது. கடனும் நீதிமன்றமும் நிலப்பறிப்பின் கருவிகளாயின.

இம்முரண்பாடு 1675 யூன் மாதத்திற் போராக வெடித்தது. ஊசமெக்குவினின் மகன் மெற்றாகொம் இதனைத் தலைமை தாங்கியவர்களுள் ஒருவர். ஆங்கிலேயர் அவருக்கு இட்ட பெயர் பிலிப்பு. அதனாற் போரும் 'பிலிப்பு மன்னன் போர்' எனப் பெயர்பெற்றது. 1675 டிசம்பர் 19 இல், அதுவரை போரிற் சேராதிருந்த நரகன்செற் மக்களின் சதுப்புநிலக் கோட்டையைக் குடியேற்றப் படைகள் எரித்தன. பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்; குளிர்காலத்துக்கெனச் சேமித்த தானியமும் சாம்பலாயிற்று. ஏழு வாரங்களின் பின், 1676 பெப்ரவரி 10 இல், நிப்மக், நரகன்செற், வம்பனோக் வீரர் லங்காஸ்ரர் என்னும் எல்லைப்புற ஊரைத் தாக்கினர். அவ்வூர்க் குருவானவரின் மனைவியான மேரி றோலண்ட்சன் சிறைப்பட்டது அப்பொழுதே.

நூலில் முதற்செய்தி விரித்துக் கூறப்படவில்லை. இரண்டாவது செய்தியிலிருந்தே கதை தொடங்குகிறது. விடியற்காலையிற் கூட்டமாக வந்து வீடுகளை எரிக்கும் கொடியோராக அம்மக்கள் நம்முன் தோன்றுகின்றனர். ஏன் வந்தனர் என்ற வினாவுக்கு நூல் தரும் ஒரே விடை, தன் மக்களின் பாவத்துக்குக் கடவுள் அனுப்பிய தண்டனை என்பதாகும். போரின் காரணம் மண்ணிலிருந்து விண்ணுக்கு மாற்றப்படுகிறது. கருத்துநிலை தொழிற்படும் முறைக்கு இது தெளிவான எடுத்துக்காட்டாகும்.

3

எனினும் நூலைப் பொய்யெனத் தள்ளிவிடுதல் திறனாய்வு ஆகாது. அப்பெண் அனுபவித்த துயரம் மெய்யானது. காயமுற்ற ஆறு வயது மகள் சாராவைச் சுமந்துகொண்டு பனியில் நடந்தாள்; ஒன்பது நாளில் அக்குழந்தை இறந்தது. பதினொரு வாரங்கள் அவள் இடம்விட்டு இடம் இழுபட்டாள். நூல் இருபது 'பெயர்வு'களாக வகுக்கப்பட்டிருப்பது இதனாலேயே. பசி எத்தகையது என்பதை இவ்வளவு நேர்மையாகக் கூறிய நூல்கள் அக்காலத்திற் சிலவே. வேகவைத்த குதிரைக்குளம்பைக் கடிக்க மாட்டாது சூப்பிக்கொண்டிருந்த, தன்னைப்போற் சிறைப்பட்ட ஆங்கிலக் குழந்தையொன்றின் கையிலிருந்து அதனை வாங்கித் தானே தின்றதையும், அது சுவையாக இருந்ததையும் அவள் மறைக்கவில்லை. நாகரிகர், காட்டுமிராண்டி என்ற பிரிவு அவ்விடத்து அவளை அறியாமலே கரைந்துபோகிறது.

இந்நேர்மையே நூலின் கருத்துநிலைக்கு எதிர்ச்சாட்சியாகவும் அமைகிறது. தன்னிடம் ஒருவரேனும் சொல்லாலோ செயலாலோ முறைகேடாக நடக்கவில்லை என்று அவள் எழுதுகிறாள். அதற்கான நன்றியைக் கடவுளுக்குச் செலுத்துகிறாள். தானியம் எரிக்கப்பட்டபின் காட்டுக் கிழங்கு, ஓக் மரத்துக் கொட்டை, பழைய எலும்பு ஆகியவற்றைக் கொண்டு அம்மக்கள் உயிர்வாழ்ந்ததை வியந்து கூறுகிறாள். ஒருவரும் பசியால் இறக்கத் தான் காணவில்லை என்கிறாள். ஆயின் அவ்வறிவு அவர்களுடையதன்று. தன் மக்களைத் தண்டிப்பதற்காகக் கடவுள் அவர்களுக்கு ஊட்டினாராம். முதியோர், நோயாளர், கைக்குழந்தைகள் அனைவரோடும் மரத்தெப்பத்தில் அவர்கள் கடந்த ஆற்றங்கரையில் ஆங்கிலப் படை தயங்கி நின்றுவிட்டது. அதுவும் கடவுளின் செயலே.

இக்கணக்கு முறையை உற்றுநோக்குதல் வேண்டும். முதற்குடிகளின் கொடுமை அவர்களின் இயல்பாக எழுதப்படுகிறது. அவர்களின் ஆற்றலும் நாகரிகமும் கடவுளின் பெயரில் வரவுவைக்கப்படுகின்றன. ஆதலால் எத்தனை பேர் எத்தனை முறை நன்மை செய்யினும் அம்மக்களின் பக்கத்தில் நன்மை சேர்வதற்கு இடமேயில்லை. எல்லாம் கடவுள் செயல் என்பது தூய்மைவாதக் கிறித்தவத்தின் பொதுக் கோட்பாடுதானே எனச் சிலர் கூறலாம். உண்மையே. ஆயின் அக்கோட்பாடு நிலப்பசி கொண்ட குடியேற்றத்தின் கையில் எவருக்குப் பயன்பட்டது என்பதே நமது வினா. நன்மையே செய்யாத மக்களுக்கு நன்றிக்கடன் இல்லை. நன்றிக்கடன் இல்லாதவரின் நிலத்தைக் கொள்வதில் உறுத்தலும் இல்லை.

4

இருவரை அவள் காட்டும் முறை இதனை மேலும் விளக்கும். முதலாமவர் வீற்றமூ. றோலண்ட்சனை அடிமையாக வைத்திருந்த நரகன்செற் வீரர் குவினபினின் மனைவியருள் ஒருத்தி. நூலில் அவள் செருக்குற்ற எசமானி. முகத்துக்கு வண்ணம் பூசி, மணிகள் அணிந்து, நாள்தோறும் ஒப்பனையிற் பொழுதுபோக்குபவள். உண்மையில் அவள் போகசெற் மக்களின் ஆட்சித் தலைவி. தன் உரிமையாற் படைநடத்தியவள். அவள் கோத்த சிப்பிமணிக் கச்சைகள் அணிகலன் மட்டுமல்ல. உடன்படிக்கைகளையும் உறவுகளையும் உறுதிசெய்யும் சாதனங்கள். ஆட்சிப்பணி அலங்காரமாகத் தோற்றுகிறது. அவளின் குழந்தை இறந்தபொழுது, குடிசையில் இடம் கூடிற்று என்பதே தனக்குக் கிடைத்த பயன் என்று, சில வாரங்களின் முன் தன் மகளை இழந்த தாய் எழுதுகிறாள். நூலின் மிகக் குளிர்ந்த வரி இதுவே.

இரண்டாமவர் நிப்மக் இனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிறின்ரர். கேம்பிறிட்ஜ் அச்சகத்திற் பயின்று, ஜோன் எலியற்றின் மொழிபெயர்ப்பாகத் தம் மக்களின் மொழியில் 1663 இல் முழுமையாக வெளிவந்த விவிலியத்தின் அச்சுப்பணியிற் பங்குகொண்டவர். போர் மூண்டதும் கிறித்தவராக மாறிய முதற்குடிகளே முதலிற் சந்தேகிக்கப்பட்டனர். அவர்களுள் நூற்றுக்கணக்கானோர் பொஸ்ரன் துறைமுகத்து மான்தீவில் அடைக்கப்பட்டனர். குளிராலும் பசியாலும் பலர் இறந்தனர். றோலண்ட்சனின் மீட்புப் பணம் பற்றிய கடிதத் தொடர்பில் எழுத்தராக இருந்தவர் ஜேம்ஸ் பிறின்ரரே. போரின் பின் அச்சகத்துக்குத் திரும்பிய அவரே 1682 கேம்பிறிட்ஜ் பதிப்புக்கு எழுத்துக்கோத்திருத்தல் கூடும் என ஆய்வாளர் கருதுவர். றோலண்ட்சனோ, கிறித்தவரான முதற்குடிகளின் துரோகங்களென ஒரு பட்டியல் தந்து, கடிதம் எழுதியவரையும் அதிற் சேர்த்துப் பெயரின்றிக் கடந்துவிடுகிறாள்.

வீற்றமூவையும் ஜேம்ஸ் பிறின்ரரையும் மையமாக வைத்து இப்போரை மீள எழுதிய லீசா புறூக்ஸ் என்ற அபெனாக்கி ஆய்வாளரின் 2018 ஆம் ஆண்டு நூல், நாம் இங்கு கூறுவன போன்ற வாசிப்புகளுக்குப் பெரும் வழிதிறந்துள்ளது.

5

பல்சாக்கின் யதார்த்தம் அவரின் அரசியற் சார்பையும் மீறி நின்றது என எங்கெல்ஸ் 1888 இல் எழுதியதை முற்போக்கு வாசகர் அறிவர். றோலண்ட்சனுக்கு அக்கூற்றை அப்படியே பொருத்துதல் இயலாது. பல்சாக் தாம் கண்ட முரண்பாட்டைப் படைப்பின் மையத்துக்குக் கொணர்ந்தார். இவளோ கண்டதை எழுதி, எழுதியதை மறுகணமே வேதவசனத்தால் மூடுகிறாள். மூடியதை நீக்கிக் காணும் பொறுப்பு வாசகரைச் சார்ந்தது.

எட்டாவது பெயர்விற் கூறப்படும் ஒரு நிகழ்ச்சியோடு இதனை முடிக்கலாம். மெற்றாகொம் தம் மகனுக்கு ஒரு சட்டை தைத்துத் தருமாறு அவளைக் கேட்டார், தைத்துக் கொடுத்தாள். கூலியாக ஒரு சிலிங் கொடுத்தார். அதனை அவள் குவினபினிடம் நீட்ட, அவர் நீயே வைத்துக்கொள் என்றார். அவள் குதிரை இறைச்சி வாங்கினாள். பின்னர் அச்சிறுவனுக்கு ஒரு தொப்பியும் தைத்தாள். அதற்காக மெற்றாகொம் அவளை உணவுக்கு அழைத்து, வறுத்து இடித்த கோதுமையைக் கரடிக் கொழுப்பிற் பொரித்த, இரு விரல் அளவான ஓர் அப்பம் கொடுத்தார். அதனிலும் இனிய உணவைத் தான் உண்டதில்லை என்று எண்ணியதாக எழுதுகிறாள். கேட்டலும் தைத்தலும் கூலியும் விருந்துமாக, இங்கு மனிதர் இருவர் மனிதராகவே நடந்துகொள்கின்றனர். நூல் முழுவதிலும் வேதவசனம் மூடாத சில இடங்களுள் இதுவும் ஒன்று.

1676 மே மாதம் 20 பவுண் மீட்புப் பணத்துக்கு அவள் விடுதலையானாள். அவ்வாண்டு ஆகஸ்டில் வீற்றமூ ஆற்றில் மாண்டாள், குவினபின் மரணதண்டனைக்குள்ளானார், மெற்றாகொம் சுட்டுக்கொல்லப்பட்டு அவரின் தலை பிளிமத்திற் பல ஆண்டுகள் கம்பத்தில் நின்றது. அவரின் மனைவியும் ஏறத்தாழ ஒன்பது வயதான மகனும் பிடிபட்டனர். அச்சிறுவனைக் கொல்வதா விற்பதா எனக் குருமார் வேதாகமத்தைப் புரட்டி விவாதித்தனர். 1677 இல் அவன் அடிமையாக விற்கப்பட்டான்.

சட்டையும் தொப்பியும் அச்சிறுவனுக்கே தைக்கப்பட்டவை ஆதல் வேண்டும். அவன் விற்கப்பட்டு ஐந்தாண்டுகளின் பின் நூல் அச்சேறிற்று. சட்டை அதில் இருக்கிறது. சிலிங்கும் அப்பமும் இருக்கின்றன. சிறுவனுக்கு நேர்ந்தது இல்லை. விலை கொடுத்து மீட்கப்பட்டவளின் கதையில், விலைக்கு விற்கப்பட்டவனுக்கு ஒரு வரி இடமில்லாது போனது அவளின் மறதியால் மட்டும் நிகழ்ந்ததன்று. அவ்வரியை எழுதியிருப்பின் நூலின் கணக்கு முழுவதும் திருத்தப்படவேண்டியிருக்கும். அமெரிக்க இலக்கியத்தின் தொடக்க நூல்களுள் ஒன்றாக இதனைக் கற்பிப்போர் அவ்வரியையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும்.