சிக்கனக் கோழிக்கூண்டும் அதன் வலையும்

வீட்டுக் கொல்லையில் பத்துப் பதினைந்து நாட்டுக்கோழி வளர்ப்பவருக்கு இரண்டு கட்டுமானங்கள் தேவை. ஒன்று, பொழுது சாய்ந்ததும் கோழிகள் அடையும் கூண்டு. மற்றொன்று, பகலில் அவை கிளறித் திரியும் அடைப்பு. இரண்டையும் கைக்குக் கிடைத்த பொருள்களைக் கொண்டு ஒரே நாளில் எழுப்பிவிடலாம் என்ற முறை இப்போது எங்கும் பரவிவருகிறது. சவுக்குக் கம்பு, மூங்கில், பழைய கதவு, பிவிசி குழாய், ஒரு சுருள் கோழிவலை, மேலே ஓலை அல்லது தகரம். பட்டியல் இத்துடன் முடிகிறது. ஆசாரியும் கொத்தனாரும் வேண்டாம் என்பதை இதை ஆதரிப்போர் முதல் சிறப்பாகச் சொல்கிறார்கள்.

சிறப்புகள் உண்மையானவை. நான்கு கோழியும் ஒரு சேவலும் வைத்துக்கொள்ள நினைக்கும் குடும்பத்துக்குக் கடையில் விற்கும் இரும்புக் கூண்டின் விலை எட்டாதது. ஓலைக்கூரை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டியதுதான் என்றாலும், சித்திரை வைகாசி வெயிலுக்குத் தகரத்தைவிடப் பல மடங்கு நல்லது. தரையில் பரப்ப நெல் உமியோ நிலக்கடலைத் தோலோ போதும். அரையடி ஆழத்துக்குக் கொட்டி, ஈரம் படாமல் கிளறிவிட்டால் எச்சத்தின் நாற்றமும் கட்டுப்படும், பிறகு அதுவே எருவாகும். கூண்டுக்குள் வளர்ந்த கோழி ஒன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு சதுர அடி, அடைப்பில் பத்துச் சதுர அடி என்ற அளவையும் பெரும்பாலோர் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்கள். இடத்திலும் கூரையிலும் கூளத்திலும் இம்முறையிடம் பெரிய குறை காண முடியாது.

பிழை வலையில் இருக்கிறது. கோழிவலை எனப்படும் அறுகோணக் கண் கொண்ட முறுக்குக் கம்பி வலை, 1844-இல் இங்கிலாந்தின் நார்விச் நகரில் துணி நெய்யும் தறியின் அமைப்பைத் தழுவி சார்லஸ் பர்னார்டு உருவாக்கியது. கோழி வெளியே போகாமல் தடுக்க அது போதும். வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் வலு அதற்கு இல்லை. மெல்லிய கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கிச் செய்த வலை அது. ஓரிடத்தில் கம்பி அறுந்தால் பக்கத்துக் கண்களும் தளர்ந்து பிரிகின்றன. பசியோடு வரும் தெருநாய் பல்லால் இழுத்தே கிழித்துவிடும். ஓரங்குலக் கண்ணுக்குள் எலியும் மெலிந்த பாம்பும் நுழையும். மண்ணைத் தொடும் பகுதியில் எச்சமும் ஈரமும் பட்டுத் துத்தநாகப் பூச்சு போய் முதலில் துருப்பிடிப்பதும் இதுவே. நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று அந்த வேலையை இன்னும் விரைவாக முடிக்கிறது.

குளிர்நாடுகளில் இந்தக் குறை இவ்வளவு பெரிதாகத் தெரிவதில்லை. அங்கே கூண்டின் சுவர் பலகை, வலை என்பது ஒரு சிறு சன்னல். தமிழ்நாட்டின் வெப்பத்தில் அப்படிக் கட்ட முடியாது. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் அது உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. நான்கு பக்கமும் பலகையோ தகரமோ அடைத்த கூண்டு, கத்திரி வெயிலில் பகலெல்லாம் சூடேறி இரவிலும் ஆறாமல் கிடக்கும். எச்சத்திலிருந்து எழும் அம்மோனியாவும் உள்ளேயே தங்கும். ஆகவே இங்கே மூன்று பக்கமாவது காற்றோட்டத்துக்குத் திறந்திருந்தாக வேண்டும். அப்படியானால் வலைதான் சுவர். சுவர் செய்யவேண்டிய வேலை முழுவதையும் பொருள்களிலேயே மிக நலிந்த ஒன்றிடம் ஒப்படைப்பது எந்த வகையிலும் சிக்கனம் ஆகாது.

இரவில் வருபவை யாவை என்பது கிராமத்தில் எவருக்கும் தெரியும். மரநாய் கம்பத்தில் ஏறிக் கூரைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்தில் இறங்கும். காட்டுப்பூனை வேலியோரமாக வரும். பெருச்சாளி தரையைத் தோண்டிக்கொண்டு உள்ளே எழும். சாரையும் நல்ல பாம்பும் முட்டைக்கும் குஞ்சுக்கும் வரும். முட்டையை விழுங்கிய பாம்பு வந்த கண் வழியாகத் திரும்ப முடியாமல் கூண்டிலேயே கிடப்பதும் உண்டு. கீரி பகலில் வருவது. அடைப்பின் அடியில் மண்ணைப் பறித்து நுழைவது அதன் வழக்கம். இவற்றுக்குப் பொறியோ விஷமோ வைக்கலாம் என்று சிலர் சொல்வது முற்றிலும் தவறு. கீரி, மரநாய், காட்டுப்பூனை மூன்றும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. வளர்ப்பவர் கையில் மிஞ்சுவது சுவர் ஒன்றுதான்.

நலிந்த கூண்டு, கூண்டே இல்லாமல் விடுவதைக் காட்டிலும் தீங்கானது என்பதை இம்முறையின் ஆதரவாளர்கள் ஏற்பதில்லை. ஆனால் கோழியின் இயல்பைக் கவனித்தால் வேறு முடிவுக்கு வர இயலாது. திறந்துவிட்ட கோழி மாலையில் முருங்கையிலோ வேம்பிலோ ஏறி அடையும். மரநாய் அங்கேயும் வரும், ஒன்றைத் தூக்கும், மற்றவை பறந்து சிதறும். கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது. அடைபட்ட கூண்டுக்குள் அது ஓடவும் வழியில்லை, ஒளியவும் இடமில்லை. தின்னும் அளவைத் தாண்டி, படபடக்கும் எல்லாவற்றையும் கடித்துப் போடும் பழக்கம் ஊனுண்ணிகளுக்கு உண்டு. வெளியே ஒரு கோழி போகும் இரவில், உள்ளே எல்லாக் கோழிகளும் போகும். அந்தப் பறவைகளை மரத்திலிருந்து இறக்கி அடைத்தவர், அவை இழந்த தற்காப்புக்கு ஈடாக ஏதாவது கொடுத்தே ஆகவேண்டும். மெல்லிய வலையைக் கொடுத்துவிட்டுச் செலவு மிச்சம் என்று கணக்கு எழுதுவது அவற்றின் உயிரை வைத்து எழுதும் கணக்கு.

முன்னோர் முறை இதைவிட மலிவானது, இதைவிடப் பாதுகாப்பானதும்கூட. பஞ்சாரம் மூங்கிலால் முடைந்ததுதான், நாய் நினைத்தால் பிரித்துவிடும். ஆனால் அதைக் கொல்லையில் தனியே விட்டுவிடாமல், ஆள் படுத்திருக்கும் தாழ்வாரத்திலேயே கவிழ்ப்பார்கள். திண்ணைக்கடியில் மண்ணாலும் கல்லாலும் கட்டிப் பலகையால் மூடிய கூட்டை மரநாய் எதுவும் செய்ய முடியாது. இன்றைய கூண்டு வீட்டைவிட்டு விலகிக் கொல்லையின் கோடிக்குப் போய்விட்டது. காவல் தொலைவானதற்கு ஏற்ப வலு கூடியிருக்க வேண்டும், குறைந்திருக்கிறது.

‘ஒன்றிரண்டு கோழி போனால் போகிறது, வலையின் விலைக்கு அது ஈடாகிவிடும்’ என்பது வழக்கமான எதிர்வாதம். நாட்டுக்கோழி முட்டைக்கு வர ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். முதல் முட்டையிடும் தறுவாயில் ஒரு பெட்டை போனால், அரை ஆண்டுத் தீவனமும் உழைப்பும் தடுப்பூசியும் அதனுடன் போகின்றன. அதைத் திரும்ப உருவாக்க இன்னோர் அரை ஆண்டு வேண்டும். கூண்டின் செலவைக் கட்டிய நாளோடு முடித்துவிடுபவர்கள் இதைச் சேர்ப்பதே இல்லை. நாய் காவலுக்கு இருக்கிறது என்ற வாதமும் நிற்காது. மழை இரவில் நாய் திண்ணையில் சுருண்டு படுத்திருக்கும்.

உண்மையில் தேவைப்படும் கூடுதல் செலவு சிறியது. பத்துக் கோழிக்கு நான்குக்கு ஐந்தடி, மூன்றடி உயரக் கூண்டு என்றால் நான்கு பக்கத்துக்கு 54 சதுர அடி, தரைக்கு 20 சதுர அடி, மொத்தம் 74 சதுர அடி வலை. பத்துக்குப் பத்தடி, ஆறடி உயர அடைப்புக்குப் பக்கங்களும் மேற்புறமும் சேர்ந்து 340 சதுர அடி. விலை கூடிய, அரையங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் கூண்டுக்கு மட்டும் கட்டாயம். அடைப்புக்குக் கோழிவலையே போதும். கீரிக்காகக் கீழ் இரண்டடிக்கு மட்டும் வெல்டு மெஷ் சேர்த்து, ஓரத்தில் ஓரடி அகலத்துக்கு அதை வெளிப்புறமாக மடித்துத் தரையில் பதித்து மண்ணால் மூடினால், தோண்டும் விலங்கு கம்பியில் முட்டித் திரும்பும்.

மீதி வேலை பொருத்துவதில் இருக்கிறது. கட்டுக்கம்பியால் சுற்றிய வலை ஒரு மழைக்காலத்தில் தளரும். வாஷர் வைத்துத் திருகாணியால் சட்டத்தோடு இறுக்கவேண்டும். கதவுக்குக் கொக்கி மட்டும் போதாது, மரநாயின் முன்னங்கால் கெட்டிக்காரத்தனமானது. கொக்கியோடு ஒரு தாழ்ப்பாளும் வேண்டும். கூரைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்தை வலையால் அடைக்காத கூண்டு, மற்ற எல்லாம் சரியாக இருந்தும் திறந்த கூண்டுதான். சவுக்குக் கம்பின் அடி கரையானுக்கு இரையாகாமல் தார் பூசி நடவேண்டும். ஆண்டுதோறும் ஐப்பசி மழை தொடங்குமுன் கீழ்வலையில் துருவேறிய இடத்தைக் கையால் அழுத்திப் பார்த்து, நொறுங்கும் பகுதியை வெட்டி மாற்றவேண்டும்.