எலும்பு தட்டும் வரை

1894இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில், யோஹானிஸ் தேவாலயத்தைப் புதுப்பிக்கத் தோண்டியபோது ஓக் மரச் சவப்பெட்டிகள் சில தென்பட்டன. அவற்றில் ஒன்றில் இருந்த முதியவரின் எலும்புகள் இசைமேதை பாக்கினுடையவையா? தீர்த்துச் சொல்லும் பொறுப்பு உடற்கூற்றியலாளர் வில்ஹெல்ம் ஹிஸ்ஸிடம் வந்தது. அவர் எடுத்த கருவி ஒரு மெல்லிய ஊசி.

எண்ணெய் தடவிய அந்த ஊசியில் சின்ன ரப்பர் துண்டைக் கோத்து, வேறு சடலங்களின் முகத்தில் எலும்பு தட்டும் வரை இறக்குவார். ரப்பரைத் தோலோடு ஒட்டித் தள்ளிவிட்டு ஊசியை உருவுவார். நுனிக்கும் ரப்பருக்கும் இடைப்பட்ட நீளம்தான் அந்த இடத்துச் சதையின் கனம். நோயில் வற்றிய முகம் பொய்க் கணக்குச் சொல்லும் என்பதால், பெரும்பாலும் தற்கொலை செய்துகொண்டவர்களின் உடல்களையே அளந்தார். அந்த அளவுகளை வைத்து, சவப்பெட்டியில் கிடைத்த மண்டையோட்டின் வார்ப்பின்மேல் சிற்பி கார்ல் செஃப்னர் களிமண்ணால் முகம் வடித்தார். வெல்க்கர் என்பவர் 1883லேயே சதையை அளந்திருந்தார் என்றாலும், அளந்தவரின் கையும் வடித்தவரின் கையும் இப்படிச் சேர்ந்து உழைத்த அழகுக்காக, முக மீட்டுருவாக்கக் கலையில் நான் முதலில் கும்பிடுவது இந்த இருவரைத்தான்.

முகத்தில் சதை ஒரே சீராகப் படிந்திருப்பதில்லை. நடு நெற்றியில் சுமார் 5 மில்லிமீட்டர். மூக்கெலும்பு முடியும் இடத்தில் அதைவிட மெலிசு. அங்கெல்லாம் ஆளுக்கு ஆள் பெரிய மாற்றம் கிடையாது. கன்னத்துக்கு வந்தால்தான் கலைஞருக்குச் சோதனை. கடைவாய்ப் பல்லுக்கு நேரே 20 மில்லிமீட்டரைத் தாண்டும் கனம், ஒருவருக்கொருவர் 10 மில்லிமீட்டர்கூட வேறுபடலாம். உடல் பருமன்தான் அதற்கு முதல் காரணம், வயதும் சேர்ந்துகொள்ளும். ஆண், பெண் என்றும், இந்த நாட்டார், அந்த நாட்டார் என்றும் அட்டவணைகள் பிரித்துப் போடப்பட்டுள்ளன. ஆனால் ஒரே ஊர்க்காரர் இருவருக்கிடையே உள்ள வேறுபாடு பல நேரம் அந்தப் பிரிவுகளையே விழுங்கிவிடும். அளக்கும் விதமும் விளையாடும்: சி.டி. ஸ்கேனில் மல்லாந்து படுத்தவரின் கன்னச் சதை காதுப் பக்கம் சரிந்துவிடுகிறது. உட்கார்ந்திருப்பவரை அல்ட்ராசவுண்டில் அளந்தால் வேறு எண் வரும்.

ஆகவே செஃப்னரின் பாக்கை நான் இரண்டு கண்ணால் பார்க்கிறேன். புருவமேட்டிலும் மூக்கின் வேரிலும் முன்தள்ளிய கீழ்த்தாடையிலும் எலும்பே பேசுகிறது. அங்கே அவர் கை அதற்கு அடங்கிப் போகிறது, அற்புதம். தொங்கும் கன்னமும் மோவாயின் கீழ்ச் சதையும் அப்படியல்ல. கொழுப்புக்கு எலும்பில் சாட்சி கிடையாது. பாக்கை வரைந்த ஓவியங்கள் செஃப்னருக்குத் தெரியும். அந்தச் சதை அங்கிருந்து வந்திருக்க வேண்டும்.

ரஷ்யாவின் மிகயீல் கெராசிமோவ் தசைகளில் ஆழ்ந்தவர். 1941இல் சமர்கண்டில் தைமூரின் கல்லறையைத் திறந்த குழுவில் இருந்து, அந்த முகத்தையும் வடித்தார். தாடைக் கோணத்தில் எலும்பு சொரசொரப்பாக இருந்தால் மெல்லும் தசை அங்கே பலமாகப் பற்றியிருந்தது என்று பொருள். இத்தகைய தடயங்களைப் படிக்கும் கண் இருந்தால், சராசரி எண்ணைத் தாண்டித் தனி மனிதரை நெருங்கலாம்.

கீழடிக்கு அருகே கொந்தகையில் கிடைத்த மண்டையோடுகளிலிருந்து இரண்டு ஆண்களின் முகங்களை லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஃபேஸ் லேப் உருவாக்கியது. 2025இல் அவை வெளிவந்தன. நம்மவர்கள் தோல் நிறத்தைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். மண்டையோட்டின் வடிவம் நிறத்தைச் சொல்வதில்லை, முடியையும் சொல்வதில்லை. அந்தப் படங்களில் புருவமேட்டிலிருந்து கன்ன எலும்பு வழியாகத் தாடைக் கோணம் வரை கண்ணை ஓட்டிப் பாருங்கள். கொந்தகைக்காரருக்கே உரியது அந்தக் கோடுதான். கன்னத்தில் நிறைந்திருக்கும் சதை பலருடைய சராசரி.