இளக்காரமும் இலக்கணமும்: அமெரிக்கச் சிறுவர் நூல்கள் மூன்றை முன்வைத்து

பள்ளிச் சிறுவர் அன்றாடம் எதிர்கொள்ளும் இனஇழிவைப் பேசும் நூல்களைக் கதைப்பொருள் நோக்கில் மதிப்பிடுவது எளிது. அவ்விழிவு எந்த மொழிக்கூறில் தங்கியுள்ளது என்பதே மொழிபெயர்ப்பாளரின் முதல் வினாவாக இருத்தல் வேண்டும். வெளிப்படையான வசைச்சொல்லாயின் அதற்கு ஈடான ஒன்றைத் தேடிக்கொள்ளலாம். நல்ல சிறுவர் நூல்களிலோ இழிவு எழுத்தின் வடிவிலும் விளிக்கும் முறையிலும் மறைந்து கிடக்கிறது. இத்தகைய சிறு இழிவுகளைக் குறிக்க அமெரிக்க மனநல மருத்துவர் செஸ்டர் பியர்ஸ் 1970இல் ஒரு கலைச்சொல்லை ஆக்கினார். அதனை 'நுண்வன்முறை' என்றும் 'நுண்தாக்குதல்' என்றும் தமிழாக்குவர். 'இளக்காரம்' என்னும் வழக்குச்சொல் கையில் இருக்க இத்துணை முயற்சி எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது.

தொல்காப்பியர் எள்ளலை நகையின் நிலைக்களன்களுள் ஒன்றாகக் கூறுவார். இளிவரலைத் தனி மெய்ப்பாடாக வைப்பார். ஒரே செயல் செய்வோர்க்கு நகையாகவும் பட்டோர்க்கு இளிவரலாகவும் அமைவதற்கு எலினார் எஸ்டெஸின் 'தி ஹண்ட்ரட் டிரெஸ்ஸஸ்' (1944) நல்ல சான்று. மத்தியப் பாடத்திட்டப் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் பல்லாண்டுகள் இடம்பெற்றிருந்தமையால் இது இந்திய மாணவர் பலர் அறிந்த கதை. போலந்திலிருந்து குடியேறிய குடும்பத்துச் சிறுமி வாண்டாவிடம் அவளுடைய ஆடைகளின் எண்ணிக்கையை நாள்தோறும் கேட்பது தோழியர்க்கு வெறும் விளையாட்டு. அவர்களுடைய வினாவில் கடுஞ்சொல் ஒன்றும் இல்லை.

மொழிபெயர்ப்பாளருக்கு இடர் தருவது அவ்வினா அன்று. வாண்டாவின் தந்தை ஆசிரியைக்கு எழுதும் கடிதம். பெருநகருக்குக் குடிபெயர்வதாகவும், அங்குத் தம் பெயரைக் கேட்டு எவரும் வியக்கமாட்டார் என்றும் அவர் குறையுடைய ஆங்கிலத்தில் எழுதுகிறார். அக்குறையைத் தமிழில் எவ்வாறு காட்டுவது? வேற்றுமை உருபுகளைக் கைவிட்டு, எழுவாய் பயனிலை இயைபைச் சிதைத்து எழுதினால், திரைப்படங்களில் 'நம்பள், நிம்பள்' என்று பேசும் சேட்டின் தமிழாகிவிடும். தமிழ் வாசகர் அதைக் கேட்டுச் சிரித்துப் பழகியவர். தந்தையின் துயரத்தைப் படிக்கும் இடத்தில் வாசகரைச் சிரிக்க வைக்கும் மொழிபெயர்ப்பு, அறியாமலே அத்தோழியர் கூட்டத்தில் சேர்ந்துகொள்கிறது. இலக்கணப் பிழையின்றி, இணைப்புச் சொற்களும் எச்சங்களும் தவிர்த்த குறுந்தொடர்களால் அதனை எழுதுவதே தகும். புதிதாகக் கற்ற மொழியில் நடக்கும் தயக்கம் அதிலேயே புலப்படும்.

மில்ட்ரெட் டெய்லரின் 'ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை' (1976) இதனினும் நுட்பமானது. களம் 1933ஆம் ஆண்டின் மிசிசிப்பி மாநிலம். கறுப்பினக் குழந்தைகளின் பள்ளிக்குப் பழம்பாடநூல்கள் வந்து சேர்கின்றன. ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் தனக்குத் தரப்பட்ட நூலைத் திறந்து பார்த்துவிட்டுத் தரையில் எறிந்து மிதிக்கிறான். காரணம், உள்ளட்டையில் உள்ள அட்டவணை. நூல் வழங்கிய காலம், நூலின் நிலை, மாணவரின் இனம் ஆகியவை ஆண்டுவாரியாக அதில் பதிவாகியுள்ளன. புதிதாக இருந்தபோது அந்நூல் வெள்ளை மாணவர் கைக்குச் சென்றது. நிலை மிக மோசமான பின்னர், பன்னிரண்டாம் வரியில், 'நிக்ரா' என்ற சொல் வருகிறது. 'நீக்ரோ' என்பதைத் தென்மாநில வெள்ளையர் ஒலித்த முறையைக் காட்டும் வடிவம் அது. 'வெள்ளையர்' என்பதற்கான சொல் பெரிய எழுத்தில் தொடங்க, இது மட்டும் சிறிய எழுத்தில் தொடங்குகிறது. இழிவின் பாதி அந்த ஓரெழுத்தின் அளவில் உள்ளது.

தமிழ் எழுத்தில் பெரியது, சிறியது என்ற பாகுபாடு இல்லை. 'நிக்ரா' என ஒலிபெயர்த்து அடிக்குறிப்பு எழுதுவோர் உளர். பத்து வயது வாசகர் அடிக்குறிப்பைப் படிப்பார் என நம்புவது மொழிபெயர்ப்பாளரின் பேராசை. தமிழில் அப்பணியைச் செய்யவல்லது விகுதி. மேல்வரிகளில் 'வெள்ளையர்' என்றும் பன்னிரண்டாம் வரியில் 'கறுப்பன்' என்றும் எழுதினால், ரகர ஈற்றிற்கும் னகர ஈற்றிற்கும் இடைப்பட்ட தொலைவைத் தமிழ்க் குழந்தை விளக்கமின்றியே உணரும். 'கறுப்பு' என அஃறிணையாக்கினால் இன்னும் கூர்மை பெறுமே எனலாம். அது மிகை. அட்டவணையை நிரப்பியவர் வெறுப்பை ஆய்ந்து தேர்ந்து எழுதவில்லை, பழக்கத்தால் எழுதினார். பழக்கத்தின் வடிவம் அன்விகுதியே. ஒரு குறை மட்டும் எஞ்சுகிறது: சிறுவனின் அக்காள் கேசியும் தன் நூலில் அதே பதிவைக் காண்கிறாள், ஆங்கிலச் சொல்லுக்கு இல்லாத ஆண்பால் தமிழில் வந்து ஒட்டிக்கொள்கிறது. படிவங்கள் எல்லோரையும் ஆண்பாலில் எழுதும் வழக்கத்தை எண்ணி அதனைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஜெரி கிராஃப்டின் 'நியூ கிட்' (2019) படக்கதை; நியூபெரி பதக்கத்தை 2020இல் வென்றது. அதில் ஆசிரியை ஒருவர் ட்ரூ என்னும் கறுப்பின மாணவனை மீண்டும் மீண்டும் 'டியாண்ட்ரே' என்று விளிக்கிறார். 'டியாண்ட்ரே' கறுப்பினத்தவரிடையே மிகுதியாக வழங்கும் பெயர் என்பதை அமெரிக்க வாசகர் உடனே அறிவார். தமிழ் வாசகர்க்கு இரண்டும் அயற்பெயர்களே. ஆசிரியையின் செயல் வெறும் மறதியாகத் தோன்றும். பெயர்களைத் தமிழ்ப்படுத்தினால் கதையே இடம்பெயர்ந்துவிடும். ஆயினும் ஒரு வழி நூலுள்ளேயே உண்டு. ட்ரூவும் நண்பன் ஜார்டனும் இவ்விழிவையே கேலியாக்கி, ஒருவரையொருவர் வேண்டுமென்றே தவறான பெயர்களால் அழைத்துக்கொள்கின்றனர். அவ்விடங்களில் பெயர்களைச் சுருக்காமலும் மாற்றாமலும் வரிசை பிறழாமலும் பெயர்த்தால், முன்னர் வந்த ஆசிரியையின் 'மறதி' எத்தகையது என்பதை வாசகர் பின்னோக்கிச் சென்று கண்டுகொள்வார்.