அடி தெரியும், நாள் தெரியாது

மு. சந்திரகுமாரின் 'லாக்கப்' நாவலை நான் படித்தது 'விசாரணை' படம் பார்த்த பிறகுதான். பெரும்பாலானவர்கள் அந்த வரிசையில்தான் படித்திருப்பார்கள். கோவையில் ஆட்டோ ஓட்டுபவர் சந்திரகுமார். 1983இல், வேலை தேடிப் போன குண்டூரில், செய்யாத திருட்டுக்காக அவரையும் நண்பர்களையும் போலீஸ் பிடித்துக்கொண்டு போய் 13 நாள் காவல் நிலையத்தில் வைத்து அடித்தது. இருபது வருடத்துக்கும் மேல் கழித்து, 2006இல் அதை நாவலாக எழுதினார். வெற்றிமாறன் அதைப் படமாக்கினார். 2015இல் வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டு 2016 பிப்ரவரியில் தியேட்டருக்கு வந்தது. அந்தப் படத்தின் அடிக்கும் காட்சிகளைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதியாகிவிட்டது. எனக்கு அந்த 13 என்ற எண்ணைப் பற்றிப் பேச வேண்டும்.

இந்தியச் சட்டப்படி, கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். 13 நாள் வைத்திருந்தார்கள் என்றால் எந்தக் காகிதத்திலும் அவர்கள் பெயர் இல்லை என்று அர்த்தம். சட்டத்தின் கண்ணில் அந்த நாட்கள் நடக்கவே இல்லை. என் தொழிலில், பதிவில் விழாத ஒன்றை நிகழ்வாகவே எடுத்துக்கொள்ள மாட்டோம். காவல் நிலையங்களுக்கு இந்த விதி எங்களைவிட நன்றாகத் தெரியும். அடித்தால் ஒப்புக்கொள்வான், ஒப்புக்கொண்டால் காகிதம் பிறக்கும். காகிதம் பிறந்த நாளிலிருந்துதான் கைது.

நாவலின் பலம், இரண்டு அடிகளுக்கு நடுவே இருக்கும் நேரத்தை அது எழுதியிருப்பது. பசி, அரைத் தூக்கம், அடுத்து யார் பெயரைக் கூப்பிடுவார்கள் என்ற காத்திருப்பு. படத்தின் முதல் பாதியிலும் இது கொஞ்சம் உண்டு. இரண்டாம் பாதி வேறு படம். கோர்ட்டில் மொழிபெயர்த்து அவர்களைக் காப்பாற்றும் முத்துவேல் என்ற தமிழ்நாட்டு இன்ஸ்பெக்டர் (சமுத்திரக்கனி) அவர்களைத் தன் வேலைக்குப் பயன்படுத்திக்கொள்கிறார். ஆடிட்டர் சாகிறார், பிறகு பார்த்த சாட்சிகளும் சாக வேண்டியதாகிறது. நல்லவராக இருக்கப் பார்க்கும் போலீஸ்காரரையே அந்த அமைப்பு எப்படி விழுங்குகிறது என்று காட்டியது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் சாவு கதையை முடித்துவைக்கிறது. நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்துவிடலாம். உண்மையில் சந்திரகுமார் சாகவில்லை. ஊருக்குத் திரும்பி ஆட்டோ ஓட்டினார். அந்தப் பதின்மூன்று நாளை வைத்துக்கொண்டு இருபது வருடம் சவாரி ஏற்றி இறக்கிய மனிதரைப் படமாக எடுப்பது கொலையை எடுப்பதைவிடக் கஷ்டம்.

தமிழ் சினிமாவில் 'உள்ளே போவது' என்ற ஒரே சொல்லுக்குள் லாக்கப்பும் ஜெயிலும் கலந்து கிடக்கின்றன. லாக்கப் என்பது போலீஸின் கை. ஜெயில் என்பது கோர்ட் அனுப்பிவைக்கும் இடம். அங்கே எண் உண்டு, பதிவேடு உண்டு, தட்டு உண்டு. இரண்டையும் இணைப்பது மாஜிஸ்திரேட் போடும் ரிமாண்ட் கையெழுத்து. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் அடித்துக் கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பியபோது நடுவில் அந்தக் கையெழுத்தும் இருந்தது. 'விசாரணை' வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. காயம்பட்ட உடம்பை எதிரே வைத்துக்கொண்டு காகிதத்தில் கையெழுத்திடும் அந்தச் சில நிமிடங்கள்தான் என்னைப் பொறுத்தவரை முழு விஷயமும். அடி எப்படி விழும் என்று நம் இயக்குநர்களுக்குத் தெரியும். கையெழுத்து எப்படி விழும் என்பதில் அவர்களுக்கு ஆர்வம் குறைவு. 'ஜெய் பீம்' (2021) இதில் கொஞ்சம் விலகி நிற்கிறது. அது ஆட்கொணர்வு மனுவைச் சுற்றி நகரும் படம். பொய்யாக எழுதப்பட்ட ஒரு தகவலைத் துரத்திக்கொண்டு போவதில் அதற்குச் சுவாரசியம் இருக்கிறது. சூர்யா கோர்ட்டில் குரலை உயர்த்தும் இடங்களில் எனக்கு அந்தச் சுவாரசியம் குறைந்தது.

ஜெயிலுக்கு வருவோம். 'மகாநதி' (1994) இன்னும் பழசாகவில்லை. சீட்டுக் கம்பெனி மோசடியில் மாட்டிக்கொண்டு உள்ளே போகும் கிருஷ்ணசாமிக்கு அங்கே நடப்பது பெரும்பாலும் அவமானம். பூர்ணம் விஸ்வநாதன் நடித்த பஞ்சாபகேசன் பக்கத்தில் இருப்பதால்தான் அவர் உடையாமல் இருக்கிறார். 'வட சென்னை' (2018) வேறு மாதிரி. ஜெயிலை ஒரு பேட்டையாக, கடைத்தெருவாகப் பார்த்தது அது. யார் எந்தப் பக்கம் தூங்குவது, சரக்கு எப்படி உள்ளே வருகிறது, யாருடைய ஆளாக இருந்தால் சாப்பாடு ஒழுங்காகக் கிடைக்கும் என்பதெல்லாம் அதில் தெரிந்தது. கேரம் போர்டு அங்கே வெறும் விளையாட்டுப் பலகை இல்லை.

அதை நான் மெக்கோவன்–ஃபிஞ்ச் முனையில் உள்ள உட்சைட் தியேட்டரில், இங்கே அஜின்கோர்ட்டில் எங்கள் அடுத்த வீட்டில் இருப்பவரோடு பார்த்தேன். அவர் 2010இல் கப்பலில் வந்தவர். வண்டியில் திரும்பும்போது படம் எப்படி என்று கேட்டேன்.

"நல்ல படம் அண்ணை. ஆனா இவங்களுக்கு ஒவ்வொரு நாளும் ஏதோ நடக்குது. எங்களுக்கு ஒண்டும் நடக்கேல்லை. அதிலதான் விசர் பிடிச்சது."

பத்தி பத்தியாக எழுதினாலும் இதைவிடச் சரியான விமர்சனம் என்னிடமிருந்து வராது. சிறையின் பிரதான அனுபவம் ஒன்றும் நடக்காமல் இருப்பது. சினிமாவால் தாங்க முடியாததும் அதுவே. அதனால்தான் ஜெயில் படங்கள் கடைசியில் கலவரத்துக்குப் போய்ச் சேர்கின்றன. 'விருமாண்டி' (2004) மரண தண்டனையைப் பற்றிய ஆவணப்பட நேர்காணலாகத் தொடங்கி, இரண்டு கைதிகளின் இரண்டு கதைகளாகப் பிரிந்து, கடைசியில் கலவரமாக வெடிக்கிறது. முதல் இரண்டும் எனக்குப் பிடிக்கும். 1999 நவம்பரில் சென்னை மத்தியச் சிறையில் நடந்த உண்மையான கலவரத்தை வைத்து சித்தார்த் விஸ்வநாத் எடுத்த 'சொர்க்கவாசல்' (2024) தொடக்கத்திலிருந்தே அதை நோக்கித்தான் ஓடுகிறது. தள்ளுவண்டிச் சாப்பாட்டுக் கடைக்காரராக ஆர்.ஜே. பாலாஜி உள்ளே நுழையும் முதல் சில மணி நேரம் நன்றாக வந்திருக்கிறது. துணி, வரிசை, எண், பயம். பிறகு வேகம் எடுத்துக்கொள்கிறது. அந்தச் சிறை 2006இல் புழலுக்கு மாறியது. 2009இல் இடிப்பதற்கு முன்னால் ஜனங்களை உள்ளே விட்டார்கள். கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். இப்போது அந்த இடம் மருத்துவக் கல்லூரியிடம் இருக்கிறது. நம் ஊரின் பழைய டான் ஜெயிலும் இன்று ஒரு மருத்துவமனையின் நிர்வாகக் கட்டடம். கனடாவின் கடைசித் தூக்கு, 1962 டிசம்பரில், அங்கேதான் நடந்தது.

ஒன்றும் நடக்காத நாட்கள் எத்தனை சேரலாம்? பேரறிவாளனை 1991 ஜூன் 11 அன்று கைது செய்தபோது அவருக்கு வயது 19. உச்ச நீதிமன்றம் விடுவித்தது 2022 மே 18. ஏறத்தாழ 31 வருடம். வெடிகுண்டுக்கு இரண்டு பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது அவர் மேல் இருந்த முக்கியக் குற்றச்சாட்டு. ஆதாரம், தடாச் சட்டத்தின் கீழ் போலீஸ் அதிகாரி எழுதிய வாக்குமூலம். சாதாரணச் சட்டத்தில் போலீஸிடம் கொடுக்கும் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது, தடாவில் செல்லும். அதை எழுதிய சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன், ஓய்வுபெற்ற பிறகு 2013இல் சொன்னார்: எதற்காக வாங்குகிறோம் என்று தனக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டுவிட்டதாக. தூக்கு மேடை வரை கொண்டுபோனது எழுதப்படாத ஒரு வாக்கியம். இதில் ரத்தம் இல்லை, சண்டைக் காட்சி இல்லை. ஒரு மேஜை, ஒரு பேனா, ஒரு அதிகாரி. வெளியே, வேலூருக்கும் புழலுக்கும் பஸ்ஸில் போய்வந்துகொண்டே இருக்கும் அற்புதம்மாள். இந்தப் பயணத்தை மட்டும் யாராவது இரண்டு மணி நேரம் காட்டினால் நான் டிக்கெட் வாங்கத் தயார்.

இலங்கையில் இதற்கு 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் இருக்கிறது. அங்கும் உதவி சுப்பிரிண்டன் பதவியிலோ அதற்கு மேலோ உள்ள போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் வாக்குமூலம் வழக்கில் செல்லும். குண்டூரில் போலீஸ் அடித்தது ஒரு கேஸை முடித்துவைக்க. இந்தச் சட்டத்தின் கீழ் அடித்தால், அடியே சாட்சி ஆகிவிடுகிறது.

சந்திரகுமார் குண்டூரில் அடிபட்ட அதே 1983. ஜூலை 25 அன்று கொழும்பு வெலிக்கடைச் சிறையில் 35 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். நடுவே ஒரு நாள் விட்டு, 27 அன்று 18 பேர். மொத்தம் 53. தப்பியவர்களை மட்டக்களப்புச் சிறைக்கு மாற்றினார்கள். செப்டம்பர் 23 அன்று அதை உடைத்துக்கொண்டு பலர் வெளியேறினார்கள். கொலைகளுக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. இங்கே ஸ்கார்பரோவில் ஜூலை மாதக் கூட்டங்களில் இதை ஒவ்வொரு வருடமும் கேட்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து வந்தவன் என்பதால் முதலில் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். குட்டிமணி, தங்கத்துரை, ஜெகன் என்ற பெயர்கள் வரும். கண்கள் பிடுங்கப்பட்ட கதை வரும். மற்ற ஐம்பது பேரும் எண்ணாகவே இருப்பார்கள். 25க்கும் 27க்கும் இடையில் இருந்த அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி மேடையில் பேசிக் கேட்டதில்லை. முதல் நாள் கொலையைக் கேட்டவர்கள், அதே கட்டடத்தில், அதே காவலர்களின் காவலில், ஒரு பகலும் இரண்டு இரவுகளும் இருந்தார்கள்.

ஷோபாசக்தியின் 'ம்' (2004) இந்தக் கொலைகளைத் தொடும் நாவல். கதை சொன்னால் கேட்பவர் கொட்டுவதுதான் தலைப்பில் உள்ள 'ம்'. நாவலின் நேசகுமாரன் தியாகி இல்லை. சித்திரவதையில் காட்டிக்கொடுத்தவன், பிழைத்து ஐரோப்பாவுக்கு வந்தபின் அவன் செய்வதாக நாவல் சொல்வது வாசகரை நிலைகுலைய வைக்கும். பலருக்கு அந்தப் பகுதி பிடிக்கவில்லை. வெலிக்கடையை இப்படி ஒருவன் வாயிலாகவா சொல்வது என்று கோபப்பட்டவர்களை எனக்குத் தெரியும். என் கருத்து வேறு. சிறை பலியானவர்களைப் புனிதர்களாக்கித் திருப்பி அனுப்பும் என்ற நம்பிக்கையை அந்த நாவல் உடைக்கிறது. அதிர்ச்சியை ஆசிரியர் சில இடங்களில் கொஞ்சம் ரசிக்கிறாரோ என்ற சந்தேகம் எனக்கும் உண்டு. இருந்தும் மேடையில் கேட்ட எதையும்விட இது எனக்குள் அதிக நாள் தங்கியது.

அடுத்த வீட்டுக்காரரின் 'ஒண்டும் நடக்கேல்லை' இந்த நாட்டில் நடந்தது. எம்.வி. சன் சீ கப்பல் 492 பேருடன் 2010 ஆகஸ்ட் 13 அன்று பிரிட்டிஷ் கொலம்பியாவில் கரை சேர்ந்தது. ஆண்களை மேப்பிள் ரிட்ஜில் உள்ள ஃப்ரேசர் சிறைக்குக் கொண்டுபோனார்கள். தாய்மார்களும் சிறுபிள்ளைகளும் பர்னபியில் இளையோர் காவல் நிலையத்தில். குடிவரவுச் சட்டப்படி தடுப்புக்காவலை 48 மணி நேரத்தில் ஒரு தடவை, அடுத்த 7 நாளுக்குள் ஒரு தடவை, பிறகு 30 நாளுக்கு ஒரு தடவை மறுபரிசீலனை செய்ய வேண்டும். ஆள் யார் என்று உறுதியாகவில்லை என்று சொன்னால் இன்னும் 30 நாள். அவர் நாட்களை எண்ணவில்லையாம், விசாரணைகளைத்தான் எண்ணினாராம். அடிக்கவில்லை, சாப்பாடு நேரத்துக்கு வந்தது, காவலர்கள் மரியாதையாகப் பேசினார்கள் என்பதையும் அவரே சொல்வார். 2012இல் சட்டத்தை மாற்றி, இப்படிக் கூட்டமாக வருபவர்களை அமைச்சர் தனி வகையாக அறிவிக்கலாம் என்று ஆக்கினார்கள். அந்த வகையினருக்கு முதல் பரிசீலனை 14 நாளில், அடுத்தது ஆறு மாதத்தில்.

இந்தச் சிறையைத் தமிழில் திரையில் நான் பார்க்கவில்லை. ஆங்கிலத்தில் ஷரன் பாலாவின் 'தி போட் பீப்பிள்' (2018) என்ற நாவல் இருக்கிறது. மகிந்தன் என்ற தகப்பன், அவனிடமிருந்து பிரிக்கப்பட்ட சிறு மகன், வழக்கைக் கேட்கும் கிரேஸ் என்ற ஜப்பானிய வம்சாவளிப் பெண். இலங்கைப் பகுதிகளில் படித்துத் தெரிந்துகொண்ட வாசனை அடிக்கிறது. ஆனால் விசாரணை அறை வந்ததும் நாவல் சரியாக அமர்ந்துவிடுகிறது. அதே கேள்விகள், அதே மொழிபெயர்ப்பாளர், முடிவில் அதே தள்ளிவைப்பு. ஒவ்வொரு தடவையும் தகப்பன் கொஞ்சம் குறைந்துகொண்டே வருகிறான். கிரேஸ் கொடுமைக்காரி இல்லை. இரவில் வீட்டுக்குப் போய் தன் தாயின் மறதி நோயைக் கவனித்துக்கொண்டு, காலையில் வந்து கையெழுத்திடுகிறாள். சாத்தான்குளத்தைப் பற்றி எழுதும்போது நான் தேடிய அந்தச் சில நிமிடங்கள் இந்த நாவலில் பக்கம் பக்கமாக இருக்கின்றன.

என்னிடம் இருந்த பிரதியை அடுத்த வீட்டில் கொடுத்திருக்கிறேன். அவருடைய மகள் இங்கே பிறந்தவள், பதினொன்றாம் வகுப்பு. அவள்தான் இப்போது படித்துக்கொண்டிருக்கிறாளாம்.